ஒரு படிக்கு ஒன்றேகால் கிலோ

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடர்த்தி என்றால் என்ன என்று இருபத்திரண்டு வருடங்களாக நடத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு கிலோ பஞ்சு கனமா, ஒரு கிலோ இரும்பு கனமா என்று கேட்பேன். "இரும்பு சார்" என்று எழுந்து நிற்கும் அப்பாவிகளைப் பார்த்து, இருபத்திரண்டு வருடங்களாக ஏளனமாகச் சிரித்துக்கொண்டும் இருக்கிறேன். அடர்த்தியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது, கறிக்குழம்பு சாப்பிட வந்த ஊர் ஜனத்தின் முன்னிலையில் ஒரு மத்தியானம் நிரூபணமானது. படிக்காதவன் செய்கிற தப்பு ஒரு சட்டியோடு போய்விடும். என்னைப் போன்றவர்கள் தப்பு செய்ய அண்டா தேவைப்படுகிறது.

எங்கள் ஊர் பாளையங்கோட்டைக்கும் சீவலப்பேரிக்கும் நடுவில் இருக்கிறது. வருடத்தில் ஒருநாள், ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு மறுநாள், எங்கள் கிறிஸ்தவக் கோவில் மைதானத்தில் அசனம். அசனம் என்றால் ஊர்ச் சாப்பாடு. வீட்டுக்கு வீடு அரிசி அளந்து கொடுப்பார்கள், ஆடுகள் வாங்குவோம், வெள்ளைச் சோறும் கறிக்குழம்பும் ரசமும் மோரும். கிறிஸ்தவர்களான வேதக்காரர், இந்துக்களான கோயில்காரர் என்ற பேச்சே கிடையாது. பந்தியில் இடம் பிடிக்கத் தெரிந்தவர் எல்லாரும் சாப்பிடுவார்கள். பிடிக்கத் தெரியாதவர்கள் தூக்குச் சட்டியோடு வந்து வாங்கிப் போவார்கள். மொத்தம் இரண்டாயிரம் பேர் வரும்.

அந்த வருடம் அசனத்துக்கு என்னைக் கன்வீனர் ஆக்கினார்கள். "படிச்ச ஆளு ஒருத்தர் பொறுப்பா இருந்தா நல்லாருக்கும்" என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். (படித்த ஆள் என்று சொல்லிக் கூப்பிட்டால் நான் கிணற்றில்கூட இறங்குவேன்.) உடனே ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்ட கையோடு இருபது நிமிடம் பேசவும் செய்தேன். பேச்சின் பொருள், சமையலறையில் அறிவியல் பார்வை.

சமையல் பொறுப்பு செல்லத்துரை அண்ணாச்சியுடையது. பெயருக்குத்தான் அண்ணாச்சி. என்னைவிட மூன்று வயது இளையவர். நெட்டையாக, தீயில் வாட்டியது போன்ற நிறத்தில், பேசும்போது எதிராளியைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துப் பேசுகிற மனிதர். எங்கள் ஊர் அசனத்தைப் பல வருடமாக அவர்தான் சமைக்கிறார். அதுவரை மிளகாய் வத்தலையும் மல்லியையும் அவரே வாங்கி, வறுத்து, மில்லில் திரித்து, கோவிலில் இருக்கும் பித்தளைப் படியால் அளந்து போடுவார். அந்த வருடம் அந்த வேலையை நான் பிடுங்கிக்கொண்டேன். பாளையங்கோட்டையில் திரித்த தூளாகவே மொத்தமாகக் கிடைக்கிறது, நேரம் மிச்சம், எல்லாம் ஒரே தரம் என்றேன். கடையில் தூளைக் கிலோவில்தான் கேட்க முடியும். அண்ணாச்சி கொடுத்த பட்டியலோ, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இப்படி இருந்தது: வத்தல் தூள் எட்டுப் படி, மல்லித்தூள் பதினாறு படி, உப்பு ஆறு படி.

"என்ன அண்ணாச்சி, இன்னும் படியா?" என்று கேட்டேன். கேட்டபோது என் உதட்டோரம் எப்படி வளைந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"எனக்குப் படிதான் சார்வாள் கை பழக்கம். கிலோக் கணக்கு கறிக்கடையோட சரி."

"நீங்க சமைங்க. அளவை நான் பாத்துக்கிடுதேன்."

அவர் அடுப்பு மூட்டவேண்டிய இடத்தைப் பார்த்தபடி பைய ஒரு விஷயம் சொன்னார். "சார்வாள், இந்தத் தடவை ஸ்ரீவைகுண்டம் பக்கத்துல இருந்து ரெண்டு பேரு சாப்பிட வாராங்க. அவங்க சபை அசனத்துக்கு ஆளு தேடுதாங்க. நம்ம குழம்பு பிடிச்சிருந்தா எனக்குத்தான்னு சொல்லியிருக்காங்க. அந்த ஒண்ணு கெடைச்சிட்டுன்னா பெறவு ஆத்தோரம் பூரா நம்மளக் கூப்பிடுவாங்க. இத்தன வருசமா இந்த ஒரு ஊரத் தாண்ட முடியலல்லா."

"கவலையே படாதீங்க. இந்தத் தடவை ஒரு கிராம்கூடப் பிசகாது" என்றேன்.

அது உண்மையாயிற்று. ஒரு கிராம்கூடப் பிசகவில்லை. பிசகினது எல்லாம் கிலோவில்.

என் மனைவி கிரேஸிடம் ஒரு டிஜிட்டல் தராசு உண்டு. கிறிஸ்துமஸ் கேக்குக்காக வாங்கினது. மைதாவை அவள் நிறுக்கும்போது பக்கத்தில் நின்று மூச்சுவிட்டால்கூடத் திட்டு விழும். கோவில் படியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதில் தலை தட்டி அரிசி அளந்து, அந்தத் தராசில் கொட்டினேன். ஒன்றேகால் கிலோ காட்டியது. எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தைப் பார்த்தால் ஏதோ புதிய கிரகம் கண்டுபிடித்தவன் மாதிரி இருந்திருக்கும்.

"அரிசிய நிறுத்தாச்சு. தூளு, உப்பு எல்லாம்?" என்று கிரேஸ் கேட்டாள்.

"படி ஒண்ணுதானே."

"படி ஒண்ணுதான். உள்ள கெடக்கது ஒண்ணா? ஒரு கப்பு மைதாவும் ஒரு கப்பு சீனியும் எனக்கு ஒரே எடை காட்டாதே."

"அது கேக்கு. இது அசனம்" என்றேன்.

இந்தப் பதிலை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் ஏதாவது ஒரு பொருள் இருக்கிறதா என்று தேடியிருக்கிறேன். இல்லை. அந்த ஆறு சொற்களையும் ஓர் இயற்பியல் ஆசிரியன், இரண்டு பட்டங்கள் பெற்றவன், சுயநினைவோடு, காலை காப்பி குடித்த பிறகு சொன்னான். (ஆறு கூட இல்லை, நான்குதான். எண்ணுவதிலும் நான் இப்படித்தான்.)

கிரேஸ் மேற்கொண்டு பேசவில்லை. கல்யாணமான பெண்களுக்கு எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினால் புருஷன் நன்றாக விழுவான் என்று தெரியும்.

கணினியில் உட்கார்ந்து அட்டவணை போட்டேன். அரிசிக்கு நேரே 1.25 என்று அடித்தேன். அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். அரிசியின் எடை வத்தல் தூளுக்கு இறங்கியது. மல்லித்தூளுக்கு இறங்கியது. உப்புக்கு இறங்கியது. ஒரு பொருளின் குணம் இத்தனை சுலபமாக அடுத்த பொருளுக்கு வழிந்து போகும் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை. கணினியும் "சார், இது வத்தல் தூள்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எட்டுப் படி வத்தல் தூளுக்குப் பத்துக் கிலோ, பதினாறு படி மல்லித்தூளுக்கு இருபது கிலோ, ஆறு படி உப்புக்கு ஏழரைக் கிலோ என்று வந்தது. அச்செடுத்தேன். அச்செடுத்ததோடு நின்றிருந்தால் ஒருவேளை மன்னிக்கலாம். லேமினேட் செய்தேன்.

உண்மை என்னவென்றால், வத்தல் தூள் லேசானது. ஒரு படி நிறைய அமுக்காமல் அளந்தால் அறுநூறு கிராம் தேறினால் அதிகம். மல்லித்தூளும் அதே ஜாதி. கல்லுப்போ கனமானது, படி ஒன்றேமுக்கால் கிலோவைத் தொடும். ஆக, காரம் இரண்டு மடங்கு, உப்பு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதைத் திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகக் கெடுத்திருக்க முடியாது.

நான்கு அண்டாவில் குழம்பு. ஒவ்வோர் அண்டாவுக்கும் இரண்டரைக் கிலோ வத்தல் தூள், ஐந்து கிலோ மல்லி, அதற்குரிய உப்பு என்று தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, மேலே எண் எழுதினேன். யாரும் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடக் கூடாது என்று பித்தளைப் படியை, குருவானவர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அட்டவணையைச் சமையல் கொட்டகையின் கம்பில் கட்டித் தொங்கவிட்டேன்.

அசனத்தன்று காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டினார்கள். முதல் இரண்டு அண்டாவில் கறி வெந்து வந்ததும் செல்லத்துரை அண்ணாச்சி முதல் பொட்டலத்தைப் பிரித்தார். கையில் தூக்கிப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"சார்வாள், இது ஒரு அண்டாவுக்கா?"

"ஒரு அண்டாவுக்குத்தான்."

"பிள்ளைய தூக்குத மாதிரில்லா இருக்கு."

"அப்படித்தான் தெரியும் அண்ணாச்சி. கிலோவா பாத்துப் பழக்கமில்லைல்லா உங்களுக்கு."

"அந்தப் படிய ஒரு நிமிசம் தாங்களேன். அளந்து பாத்துட்டுத் தந்துருதேன்."

"மறுபடியும் படியா?" என்று சிரித்து, கம்பில் தொங்கிய அட்டவணையைக் காட்டினேன். வெயில் ஏறாத நேரத்திலும் அது பளபளத்தது.

அவர் அட்டவணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பொட்டலத்தைக் கொட்டினார். கிளம்பிய நெடியில் கரண்டி பிடித்திருந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் தும்மினார்கள். கொட்டகைக்கு வெளியே படுத்திருந்த நாய்கூட எழுந்து வேறு இடம் போய்ப் படுத்தது. "சரக்கு புதுசு, அதான் மணம்" என்று விளக்கம் சொன்னேன். இரண்டாவது பொட்டலத்தையும் நின்று போடவைத்தேன்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அசனத்தில் ஐயா, அதாவது குருவானவர், வந்து ஜெபம் செய்து முடிக்கும்வரை யாரும் குழம்பில் கை வைக்கக் கூடாது. ருசி பார்க்கக்கூட. சமைப்பவருக்கும் அதே கட்டுப்பாடுதான். அண்ணாச்சி இத்தனை வருடமும் மூக்கை வைத்தே சமைத்தவர். அன்றைக்கு அவர் மூக்கு என்னவெல்லாமோ சொல்லியிருக்கிறது. கேட்கத்தான் நான் விடவில்லை.

மூன்றாவது, நான்காவது அண்டாவுக்கு அவர் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. கறியை வெங்காயம், இஞ்சி, பூண்டோடு வேகவிட்டு, தணலைக் குறைத்து வைத்துவிட்டார். எனக்கு இது தெரியாது. நான் அப்போது என் அட்டவணையைப் போட்டோ எடுத்துச் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் படங்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன.

பந்தலில் முதல் பந்தி உட்கார்ந்தது. முன்வரிசையில் ஐயா. அவருக்குப் பக்கத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துச் சபையிலிருந்து வந்த சாமுவேல் அண்ணாச்சியும் அவரோடு வந்தவரும். சாமுவேல் அண்ணாச்சி வாழைத்தார் வியாபாரி. தூய வெள்ளைச் சட்டை, மடித்த கைக்குட்டை, எதையும் தட்டிப் பார்த்து வாங்குகிற கண். செல்லத்துரை அண்ணாச்சி தாமே வாளியைத் தூக்கி வந்து அவர் இலையில் முதல் கரண்டி ஊற்றினார். ஐயா மைக்கில் ஜெபம் செய்தார். ஆமென் என்றதும் இருநூறு கைகள் இலைக்குப் போயின.

முதல் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வாயைப் பாதியில் நிறுத்தினார்கள். பாடகர் குழுவில் இருபது வருடமாகக் கீழ்க்குரலில் மட்டுமே பாடி வந்தவர், எங்கள் யாருக்கும் தெரியாத ஓர் உச்சக் குரலில் "தண்ணி" என்றார். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடியும் கழற்றித் துடைத்தார். நனைந்தது கண்ணாடி இல்லை என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஐயா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இன்னொரு ஜெபம் ஓடுகிறது என்று நினைத்துச் சிலர் மறுபடியும் தலை குனிந்தார்கள். அத்தனை பந்திக்கும் வைத்திருந்த மோர் முதல் பந்தியிலேயே பாதி இறங்கிவிட்டது.

"காரந்தான் இப்படின்னா, உப்பும் இல்லையே வே" என்றது ஒரு குரல்.

"செல்லத்துரைக்குக் கை மறந்துட்டு போல" என்றது இன்னொரு குரல்.

"வயசாயிட்டுல்லா. இனிம வேற ஆளப் பாக்கணும்" என்றது மூன்றாவது. (சொன்னவர் அண்ணாச்சியைவிடப் பத்து வயது மூத்தவர்.)

சாமுவேல் அண்ணாச்சி கைக்குட்டையை விரித்து முகம் முழுக்கத் துடைத்தார். பாதிச் சோறு இருக்கும்போதே இலையை மூடினார். எழுந்து, செல்லத்துரை அண்ணாச்சியைப் பார்த்து மரியாதையாகவே சொன்னார்: "சரி அண்ணாச்சி, நாங்க வாரோம். சபைல பேசிட்டுச் சொல்லி அனுப்புதோம்." பெண் பார்க்க வந்தவர்கள் ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பார்களே, அந்தக் குரல்.

செல்லத்துரை அண்ணாச்சி வாளியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். "சார்வாள் அளவு இது" என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் போதும். மனுஷன் வாயே திறக்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மோர்ப்பானைக்குப் பின்னால் நின்று மூன்றாவது டம்ளர் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். சீவலப்பேரியிலிருந்து வரும் டவுன் பஸ் எத்தனை மணிக்கு எங்கள் ஊரைத் தாண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் வீடு முந்நூறு அடி தூரத்தில் இருக்கிறது. எனக்கு எதற்கு பஸ் என்று அப்போது தோன்றவே இல்லை.

கிரேஸ் பெண்கள் பந்தியிலிருந்து எழுந்து வந்தாள். மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன.

"தூள எப்படி கணக்குப் போட்டீங்க?"

"படி ஒண்ணேகால் கிலோன்னு."

"அரிசி கணக்குலயா?"

"ஆமா."

"பிள்ளைகளுக்கு அடர்த்தின்னு ஒண்ணு நடத்துவீங்களே, அது வேற யாரும் எழுதித் தாரதா?"

மண்டைக்குள் ஒரு கட்டத்தின் மூலையைப் பிடித்து யாரோ கீழே இழுத்தது போல இருந்தது. அரிசி, தூள், உப்பு, என் இரண்டு பட்டங்கள், எல்லாம் வரிசையாக இறங்கின.

"அங்கன ஒரு மனுசன் உங்களுக்காக வாய மூடிட்டு நிக்காரு. வந்தவங்க செருப்பு மாட்டுதாங்க" என்றாள் கிரேஸ். "போறீங்களா, நான் போகவா?"

அவள் போனால் நான் ஊரைவிட்டே போகவேண்டி வரும். நானே போனேன். ஐயாவுக்கு முன்னால் இருந்த மைக்கை எடுத்தேன். சாமுவேல் அண்ணாச்சி பந்தல் வாசலில் ஒரு கால் செருப்புக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக நின்றார்.

"குழம்புல தப்பு செல்லத்துரை அண்ணாச்சி மேல இல்ல" என்றேன். என் குரல் எனக்கே ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டது. "அவரு படிக் கணக்கு சரியாத் தந்தாரு. அரிசிய மட்டும் நிறுத்துப் பாத்துட்டு, அந்த எடையத் தூளுக்கும் உப்புக்கும் நான்தான் போட்டேன். அவரு படியக் கேட்டாரு. நான் பூட்டி வச்சிருக்கேன்." எதற்கென்று தெரியாமல் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் தூக்கிக் காட்டவும் செய்தேன்.

கடைசி வரிசையிலிருந்து, பல வருடத்துக்கு முன் என்னிடம் படித்து இப்போது டிராக்டர் ஓட்டுகிற ஒருவன், நிதானமாகக் கேட்டான்: "சார், ஒரு கிலோ பஞ்சு கனமா, ஒரு கிலோ வத்தல் தூளு கனமா?"

அன்றைக்கு எழுந்த சிரிப்பில் பந்தல் கம்பு ஆடியது. ஐயாகூடக் கண்ணைத் திறந்தார்.

சிரிக்காத ஒரே ஆள் செல்லத்துரை அண்ணாச்சி. அவர் ஏற்கெனவே கொட்டகைக்குள் போய்விட்டார். "பின்னால ரெண்டு அண்டாவுல தூளே போடல. இங்கன வாங்க, வாளி எடுங்க" என்று அவர் ஆட்களை அதட்டும் சத்தம் கேட்டது. எரிகிற இரண்டு அண்டாவிலிருந்து பாதி அந்தப் பக்கம், வெறும் கறி வெந்த இரண்டு அண்டாவிலிருந்து பாதி இந்தப் பக்கம் என்று வாளி வாளியாக மாற்றினார்கள். கல்லுப்பைக் கையால் அள்ளிப் போட்டார். ஜெபம் முடிந்துவிட்டதால் இந்த முறை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்த்தார். இன்னும் ஒரு கை உப்பு போட்டார். கால் மணி நேரம் கொதிக்கவிட்டார். பிற்பாடு நான் தாளில் போட்டுப் பார்த்தேன். இரண்டு அண்டாவுக்கு நான் கொட்டவைத்த தூள், நான்கு அண்டாவுக்குச் சரியாகப் போதுமாக இருந்தது. அதை அவரிடம் போய்ச் சொன்னேன். "அப்படியா சார்வாள்" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

சாமுவேல் அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, இரண்டாம் பந்தியில் புது இலையில் உட்கார்ந்தார். குழம்பை மூன்று முறை வாங்கினார். நான் ரசவாளியோடு அவர் முன்னால் போனேன். கன்வீனர் பதவியில் எனக்கு மிஞ்சியிருந்த வேலை அதுதான்.

"சார்வாள், எங்க அசனத்துக்குச் செல்லத்துரையத்தான் கூப்பிடப் போறோம்" என்றார்.

"ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி."

"நீங்களும் கண்டிப்பா வரணும். சாப்பிட மட்டும்."

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. செல்லத்துரை அண்ணாச்சிக்கு இப்போது சேரன்மகாதேவி தொடங்கி ஸ்ரீவைகுண்டம் தாண்டியும் அசனம், கல்யாணம் என்று ஓய்வில்லை. பெரிய விஞ்ஞானிகளின் பெயரில் அலகுகள் இருக்கின்றன. விசைக்கு ஒருவர், அழுத்தத்துக்கு ஒருவர், மின்னோட்டத்துக்கு ஒருவர். என் பெயரிலும் ஒன்று இருக்கிறது என்பதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஜெபராஜ் என்றால், போடவேண்டியதைப் போல் இரண்டு மடங்கு. "அரை ஜெபராஜ் போடுலே" என்றால் சரியான அளவு என்று அர்த்தம். அண்ணாச்சியின் கொட்டகையில் எல்லாரும் இப்படித்தான் பேசுகிறார்கள். உப்புக்கு மட்டும் இந்த அலகு செல்லாது என்பதும் அவர்களுக்கு மனப்பாடம்.

வீட்டில் கிரேஸும் இதையே புழங்குகிறாள். சென்னையில் இருக்கும் எங்கள் மகள் போன் செய்து, சாம்பாருக்கு வத்தல் தூள் எவ்வளவு என்று கேட்டால், "அரை ஜெபராஜ்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் உள்ளே போவாள். போன மாதம் மகள் அதை அப்படியே சாமான் சீட்டில் எழுதி மருமகன் கையில் கொடுத்திருக்கிறாள். கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது, பாவம், அவர் அதை ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைத்து, தெருமுனைப் பலசரக்குக் கடையில் போய், "வத்தல் தூள், அரை ஜெபராஜ் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

கடைக்காரர் சீவலப்பேரிக்காரர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "முழு ஜெபராஜ்தான் இருக்கு தம்பி. வாங்கிட்டுப் போயி பாதியப் போடுங்க" என்றாராம்.